உயரமான இளம் ஆட்டக்காரர் முதல் ஐவரில் நிலைபெறுவாரா?

நீலகிரியில் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிகளில், அணிவகுத்து நிற்கும் மாணவர்களில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருந்துவிட்டால், கம்பிவேலியோரம் நின்று பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அந்த அணியின் எதிர்காலமே அவர்தான் என்று தோன்றிவிடுகிறது. அதே மாணவர் ஆட்டம் தொடங்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், மாஸ்டருக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை என்ற பேச்சும் உடனே கிளம்பிவிடுகிறது. இந்தப் பேச்சில் நியாயம் இருக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும். எதை வைத்து அதைத் தீர்மானிப்பது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கூடைப்பந்தை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களையும், வீட்டில் கிடுகிடுவென்று வளர்ந்துவரும் பிள்ளையைக் கொண்ட பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயரம் ஒருவரை அணிக்குள் கொண்டுவந்து சேர்க்கும், ஆனால், அவரை ஆடுகளத்தில் விட்டுவைத்தால் அணிக்கு இழப்பு நேராது என்ற உறுதி பயிற்சியாளருக்குப் பிறந்த பிறகே முதல் ஐவரில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கும்.

முதலில், முதல் ஐவர் என்பது என்ன என்று பார்ப்போம். ஓர் அணியில் பன்னிரண்டு பேர் வரை இருக்கலாம். அவர்களில் ஐவர் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். அந்த ஐவரின் பெயர்களை ஆட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 10 நிமிடங்களுக்கு முன்னதாகப் பயிற்சியாளர் உறுதிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்பது பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி. கால்பந்தைப் போல மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததால், தொடங்குபவர் இரண்டு நிமிடங்களில் வெளியே வரவும், பெஞ்சிலிருந்து வந்தவர் இறுதிவரை ஆடவும் வாய்ப்புண்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மானு ஜினோபிலி தம் ஆட்டவாழ்வின் பெரும்பகுதியில் பெஞ்சிலிருந்து இறங்கியவர். 2008-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரருக்கான, அதாவது பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கான, விருதையும் பெற்றவர். ஆனாலும் அந்த அணியின் மூன்று பெருந்தூண்களில் ஒருவராகவே எண்ணப்பட்டார். ஆகவே, தொடங்காதவர் திறமையற்றவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், ஒருவர் ஆட்டத்துக்கு ஆட்டம் தொடர்ந்து தொடங்குகிறார் என்றால், எதிரணி யாராக இருந்தாலும் பயிற்சியாளர் அவர் பெயரை யோசிக்காமல் எழுதுகிறார் என்று பொருள். இங்கே நாம் கேட்கும் கேள்வியும் அதைப் பற்றியதே.

உயரமான ஆட்டக்காரரை நம் ஊர்ப் பக்கம் சென்டர் என்றோ போஸ்ட் என்றோ அழைக்கிறோம். ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளையத்துக்குக் கீழே, 5.8 மீட்டர் நீளமும் 4.9 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகப் பகுதிதான் சென்டரின் வீடு. தம் அணி பந்தை வைத்திருக்கும்போது எதிரணியின் வளையத்துக்குக் கீழுள்ள அந்தப் பகுதிக்குள் தொடர்ந்து மூன்று விநாடிகளுக்குமேல் அவர் நிற்கக் கூடாது. எதிரணி தாக்கும்போதோ தம் வளையத்தைக் காப்பதற்கு அவரே கடைசி ஆள். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் எடுப்பது (ரீபவுண்ட்), சக ஆட்டக்காரருக்கு வழி ஏற்படுத்த எதிராளியின் பாதையில் அசையாமல் நின்று ஸ்க்ரீன் போடுவது, உள்ளே நுழைந்துவருபவரின் ஷாட்டைக் கெடுப்பது, கிட்டத்திலிருந்து கூடை போடுவது என்று அவருக்கு வேலைகள் பல. புதிதாகப் பார்ப்பவர்கள் கடைசியாகச் சொன்னதை மட்டும் எண்ணுகிறார்கள். பயிற்சியாளர்கள் மற்ற மூன்றையும் எண்ணுகிறார்கள்.

ஃபவுல் என்ற முதல் தடை

ஃபிபா விதிப்படி ஆட்டம் பத்துப் பத்து நிமிடங்களாக நான்கு கால்பகுதிகளைக் கொண்டது. ஓர் ஆட்டக்காரர் ஐந்து ஃபவுல் செய்துவிட்டால் வெளியேற வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வில் கால்பகுதிக்குப் பன்னிரண்டு நிமிடங்கள், ஆறு ஃபவுல். இளம் சென்டர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் முதல் காரணம் எது என்று என்னைக் கேட்டால், சிறிதும் தயங்காமல் இந்த ஃபவுல் கணக்கைத்தான் சொல்வேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பெஞ்சிலிருந்து வரும் ஒரு மாணவர் 14 நிமிடங்களில் 6 புள்ளிகளும் 5 ரீபவுண்டுகளும் எடுக்கிறார், 3 ஃபவுல் செய்கிறார். அவரை 28 நிமிடங்கள் ஆடவிட்டால் 12 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் கிடைக்குமே என்று பெற்றோர் கணக்குப் போடுவது இயல்பு. ஆனால், அதே கணக்குப்படி ஃபவுல் 6 ஆகிறது; ஐந்தாவது ஃபவுலோடு அவர் வெளியேறிவிட வேண்டும் என்பதால், ஏறத்தாழ 23 நிமிடங்களிலேயே அவருடைய ஆட்டம் முடிந்துவிடும். அதுவும் முழுமையான கணக்கு அன்று. முதல் ஐந்து நிமிடங்களில் இரண்டு ஃபவுல் வாங்கியவரைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அப்போதே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் உண்மையில் அவர் ஆடும் நேரம் இன்னும் குறையும். இதோடு, ஒரு கால்பகுதியில் அணியின் மொத்த ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால், அதன்பின் எதிரணியினர் ஷாட் எடுக்காத நிலையில் தற்காப்பில் செய்யும் ஃபவுலுக்கும் அவர்களுக்கு, எவரும் தடுக்காமல் கோட்டில் நின்று வீசும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும் என்பதால், ஒருவர் செய்யும் தவறு ஐவரையும் பாதிக்கிறது.

ஃபவுல் ஏன் நேர்கிறது என்பதை அருகே சென்று பார்க்க வேண்டும். எதிரணியின் கார்டு, அதாவது வெளியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வரும் குட்டையான, வேகமான ஆட்டக்காரர், உள்ளே பாய்ந்து வந்து எழும்புகிறார். நம் மாணவரும் எழும்புகிறார். ஆடுகளத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும், தாம் நிற்கும் இடத்துக்கு நேர்மேலே உள்ள வெளி சொந்தம் என்பது விதி. இரண்டு கைகளையும் நேராக உயர்த்தி, நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பினால், எதிராளி வந்து மோதினாலும் அது பெரும்பாலும் ஃபவுல் ஆகாது. அனுபவமற்ற சென்டரோ பந்தை அடித்து விரட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் கையை மேலிருந்து கீழே இறக்குகிறார்; அந்தக் கை எதிராளியின் முன்கையில் பட்டவுடன் விசில் அடிக்கிறது. அவர் பந்தைத் தடுத்த ஐந்தாறு தடவைகள் கைதட்டலைப் பெற்றுத் தரும். ஆனால், கையை இறக்காமல் நின்று, எதிராளியை அவசரமாக வீசவைத்துப் பந்தைத் தவறவிடச் செய்த தடவைகள்தான் அவரை ஆடுகளத்தில் இருக்கவிடும். இதைப் பழகுவதற்கு ஒரு பருவம் முழுவதும்கூட ஆகலாம். ஏனென்றால், சிறு வயதிலிருந்தே கையை வீசித்தான் அவர் பாராட்டு வாங்கியிருப்பார்.

ஒரு விநாடியில் எடுக்க வேண்டிய முடிவு

இப்போது ஆட்டத்தின் மையத்துக்கு வருகிறோம். இன்று எந்த நிலையில் ஆடப்படும் கூடைப்பந்திலும், பிக் அண்ட் ரோல் என்ற தாக்குதல் உத்தியே திரும்பத் திரும்ப வருகிறது. எதிரணியின் கார்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்களுடைய சென்டர் மேலே ஓடிவந்து, நம் கார்டுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று அவர் வழியை அடைத்துவிடுகிறார். பந்து வைத்திருப்பவர் அந்த ஸ்க்ரீனை உரசிக்கொண்டு திரும்பும்போது நம் கார்டு பின்தங்கிவிடுகிறார். அந்த நொடியில் பந்து வைத்திருப்பவருக்கும் வளையத்துக்கும் இடையே மிஞ்சியிருப்பவர் நம் சென்டர் ஒருவர்தான். அவருக்கு மூன்று வழிகள் உண்டு. பின்வாங்கி வளையத்தைக் காத்து நிற்கலாம். அப்படிச் செய்தால் எதிராளி இடைத்தூரத்திலிருந்து தடையின்றி வீசுவார். மேலேறி வந்து பந்து வைத்திருப்பவரை இரண்டு எட்டுப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, பிறகு தம் ஆளிடம் ஓடித் திரும்பலாம். அதற்குக் கால் வேகம் வேண்டும். அல்லது ஆளை மாற்றிக்கொண்டு, தம்மைவிட ஓரடி குட்டையான, இருமடங்கு வேகமான கார்டை அவரே தனியாக எதிர்கொள்ளலாம்.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் செய்யத் தெரிந்த சென்டர், அந்த ஒன்று பலிக்கும் எதிரணிகளோடு மட்டுமே நிம்மதியாக ஆட முடியும். மற்ற நாட்களில் எதிரணியின் பயிற்சியாளர் அவரைத் தேடிப் பிடித்து, அவர் காக்கும் ஆளையே ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரீன் போட அனுப்புவார். இரண்டு வழிகள் தெரிந்தவர் பெரும்பாலான ஆட்டங்களில் தாக்குப்பிடிப்பார். ஆகவே, ஓர் இளம் சென்டர் முதல் ஐவருக்குத் தயாராகிவிட்டாரா என்று அறிய விரும்புபவர்கள், அவர் போட்ட புள்ளிகளை விட்டுவிட்டு, பந்து மேலே இருக்கும்போது அவருடைய பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இடுப்பைத் தாழ்த்தி, குதிகால் தரையில் அழுந்தாமல், ஒரு கை பந்தை நோக்கியும் மறு கை தம் ஆளை நோக்கியும் இருந்தால், அவர் கற்றுக்கொண்டுவருகிறார் என்று அறியலாம். நிமிர்ந்து நின்று பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இன்னும் காலம் வேண்டும்.

பாதங்களைப் போலவே வாயும் முக்கியம். ஸ்க்ரீன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது முன்னால் நிற்கும் கார்டுக்குத் தெரியாது. பின்னால் நிற்கும் சென்டருக்கு முழு ஆடுகளமும் தெரியும். ‘லெஃப்ட், லெஃப்ட்!’ என்று அவர் உரக்கக் கத்த வேண்டும். நம் மலைப்பகுதிப் பிள்ளைகளில் உயரமானவர்கள் பலர் கூச்ச சுபாவம் உள்ளவர்களாகவும், வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பழகியவர்களாகவும் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர்களுக்குத் தற்காப்பைக் கற்றுத் தருவதைவிடக் கத்தக் கற்றுத் தருவது கடினமாக இருக்கிறது.

ஸ்க்ரீன் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரீன் போடுபவர் எதிராளி வந்து முட்டும் நேரத்தில் அசையாமல் நின்றிருக்க வேண்டும். இடுப்பை நீட்டினாலோ, கால் நகர்ந்துகொண்டிருந்தாலோ தாக்குதல் ஃபவுல். இது பயிற்சியால் சீக்கிரமே சரியாகிவிடும்.

ஃப்ரீ த்ரோ அப்படி எளிதில் சரியாவதில்லை. வளையத்துக்குக் கிட்டே ஆடுபவர் என்பதால் சென்டரின் மேல்தான் அதிக ஃபவுல் விழுகிறது; கோட்டில் நின்று எவரும் தடுக்காமல் வீசும் அந்த இரண்டு வீச்சுகளில் சராசரியாக ஒன்றுகூட விழவில்லை என்றால், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணி வேண்டுமென்றே அவரைப் பிடித்து ஃபவுல் செய்யும். ஷகீல் ஓனீல் போன்ற மாபெரும் ஆட்டக்காரரே தம் வாழ்நாள் முழுவதிலும் 52.7 சதவீதத்தைத்தான் எட்டினார்; எதிரணிகள் அவரைத் திட்டமிட்டே ஃபவுல் செய்தன. அவர் ஷகீல் ஓனீல் என்பதால் அணி அந்தக் குறையைத் தாங்கிக்கொண்டது. பதினேழு வயது மாணவருக்காக எந்த அணியும் அப்படித் தாங்கிக்கொள்வதில்லை. அவரைக் கடைசி ஐந்து நிமிடங்களில் வெளியே எடுத்துவிடுவார்கள். இதற்குத் தனி மைதானமோ துணைக்கு ஆளோ தேவையில்லை. ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும் என்பதால், ஒருவர் இதில் தேறிவருகிறாரா என்பது அவருடைய உழைப்பைப் பற்றி எனக்கு நிறையச் சொல்கிறது.

இடம் காலியாக வேண்டும்

இதுவரை சொன்னவை ஆட்டக்காரரின் கையில் இருப்பவை. அவர் கையில் இல்லாத ஒன்றும் உண்டு: அவருக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பது. என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை வரிசை முறையில் எடுத்துக்கொள்ளும் தேர்வில், ரூடி கோபேர் 2013-ஆம் ஆண்டு 27-ஆவதாக எடுக்கப்பட்டவர். முதல் பருவத்தில் யூட்டா அணியில் அவருக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. இடையில், என்.பி.ஏ.வுக்கு அடுத்த கீழ்நிலையில் உள்ள வளர்நிலைக் குழுத் தொடருக்கும் அனுப்பப்பட்டார். 2015 பிப்ரவரியில் யூட்டா தன் சென்டரான எனஸ் கான்டரை வேறு அணிக்குக் கொடுத்த பிறகே அந்த இடம் முழுமையாக அவருடையதானது. பின்னர் 2018, 2019, 2021, 2024 என நான்கு தடவை என்.பி.ஏ.வின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிகோலா யோகிச் 2014-இல் 41-ஆவதாகத் தேர்வானவர். 2016-இல் டென்வர் அணி அவரையும் யூசுஃப் நுர்கிச்சையும், இரண்டு பெரிய ஆட்டக்காரர்களையும், ஒன்றாகத் தொடங்கவைத்துப் பார்த்தது. அது சரிவரவில்லை; யோகிச் பெஞ்சுக்குப் போனார். அவ்வாண்டு டிசம்பரில் பயிற்சியாளர் அவரை ஒரே சென்டராகத் தொடங்கவைத்தார்; அடுத்த பிப்ரவரியில் நுர்கிச் வேறு அணிக்குப் போய்விட்டார். யோகிச் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடரின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்றதும், 2023-இல் டென்வர் பட்டம் வென்றதும் அதற்குப் பிறகு நடந்தவை. இவ்விருவரும் பெஞ்சில் இருந்த காலத்தில் அவர்களுடைய திறமை எங்கும் போய்விடவில்லை; ஓர் அணியில் வளையத்தடியில் நிற்க ஒருவருக்குத்தான் இடம் என்ற எளிய கணக்கு அவர்களைக் காத்திருக்க வைத்தது. கார்டுகளில் இருவரை, சில சமயம் மூவரைக்கூட, ஒன்றாக ஆடவிடலாம்; சென்டர்களை அப்படி ஆடவிடுவது அரிது.

நிலையான இடம் பெற்றவரைக்கூட ஓர் ஆட்டத்தின் தேவை கீழே இறக்கிவிடும். 2015 ஜூன் மாதம் நடந்த என்.பி.ஏ. இறுதித் தொடரில், கோல்டன் ஸ்டேட் அணி நான்காவது ஆட்டத்துக்குத் தன் வழக்கமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை விட்டுவிட்டு, அவரைவிடக் குட்டையான ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடங்கவைத்தது. அந்த ஆட்டத்தை வென்று, தொடரையும் வென்றார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் இகுடாலாவே. வேகமும் மூன்று புள்ளி வீச்சும் உயரத்தை வெல்லும் என்ற எண்ணம் எங்கும் பரவிய காலம் அது. அதே ஜூன் மாதத்தில்தான் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லஸ் அணி 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர், ஏழடிக்குமேல் உயரம். வளர்நிலைக் குழுத் தொடரில் ஆடினார். ஆனால், டல்லஸின் முதன்மை அணிக்காக என்.பி.ஏ. தொடரின் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. நம் நாட்டுச் சிறுவன் ஒருவன் அவ்வளவு தொலைவு போனதே பெரும் சாதனை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனினும், பெரிய உடலும் மென்மையான கையும் இருந்தும், திறந்த வெளியில் வேகமான ஆட்களைத் துரத்தும் கால்கள் கேட்கப்பட்ட காலத்தில் அவர் வந்து சேர்ந்தார் என்பதை, உயரத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையில் வளரும் சென்டர்

உதகையிலோ கோத்தகிரியிலோ குன்னூரிலோ வளரும் ஓர் உயரமான பிள்ளைக்கு, சமவெளியில் உள்ளவர்களுக்கு இல்லாத சில நிபந்தனைகள் இருக்கின்றன. இங்குள்ள ஆடுகளங்களில் பெரும்பாலானவை திறந்தவெளியில் சிமெண்டுத் தரை கொண்டவை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. மழை நின்ற பிறகும் மூடுபனி இறங்கித் தரையை ஈரமாகவே வைத்திருக்கும். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு காலை ஊன்றி மற்றக் காலால் திரும்புவதுதான் சென்டரின் அடிப்படை அசைவு. ஈரச் சிமெண்டில் ஊன்றிய கால் நழுவுகிறது. ஒருமுறை நழுவியவர் அதன்பின் முழு எடையையும் அந்தக் காலில் வைக்க அஞ்சி, நிமிர்ந்த உடலோடு பாதித் திருப்பம் திரும்பிப் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கத்தோடு கோவையில் உள்ளரங்க மரத்தரைக்குப் போகும்போது, தரை நன்றாகப் பிடித்தாலும் அவர் உடல் அதை நம்ப மறுக்கிறது. மழைக்காலங்களில் பள்ளிக் கூடத்தின் உள்முற்றத்திலோ அரங்கிலோ பந்தே இல்லாமல் இந்தத் திருப்பத்தைப் பழகுவது, நனைந்த தரையில் பந்தோடு பழகுவதைவிட மேலானது என்பது என் துணிபு. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் குளிரால் பந்தினுள் காற்றழுத்தம் குறைந்து துள்ளலும் குறைகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. அந்த நேரத்தில் பந்து பிடிக்கும் பயிற்சியை வைத்துவிட்டு, கைக்கு ஒட்டவில்லை என்று பிள்ளையைக் குறைசொல்வது நியாயமில்லை.

உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதும் ஒரு காரணி. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யோகிச் ஆடும் டென்வர் நகரம் ஏறத்தாழ 1,600 மீட்டர்தான். உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அதே விகிதத்தில் குறைகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடல் அதற்குப் பழகியிருக்கும். கீழிருந்து வரும் அணிகள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவதைப் பார்த்து நம் பிள்ளைகள் தங்களை மிகையாக எடைபோட்டுக்கொள்வதும் உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டால் அந்தச் சாதகம் போய், வெப்பமும் வியர்வையும் அவர்களுக்கே பாதகமாக வந்து நிற்கின்றன. எடை கூடிய உடலுக்கு வெப்பத்தைத் தாங்குவது மேலும் கடினம். மலையில் மட்டும் ஆடிய ஆட்டங்களை வைத்து ஒரு சென்டரின் தாக்குப்பிடிக்கும் திறனை அளக்கக் கூடாது.

எதிராளிகளைப் பற்றிய சிக்கல் இதைவிடப் பெரியது. தம் உயரத்துக்கு நிகரான ஒருவரோடு மோதாமல் சென்டர் வளர முடியாது. நான்கைந்து பள்ளிகள் மட்டும் மாறி மாறி ஆடும் வட்டாரத்தில், ஆறடி மூன்றங்குலம் உள்ளவர் கையைத் தூக்கினாலே ரீபவுண்ட் அவருக்குத்தான். இடுப்பால் எதிராளியைத் தடுத்துவைத்து, பிறகு பந்தைத் தேடும் பாக்ஸ் அவுட்டை அவர் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே எழுவதில்லை. கோவையிலோ சென்னையிலோ தம்மைப் போன்ற உடலைச் சந்திக்கும் முதல் நாளில்தான் அது தெரியவருகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் கூடைப்பந்துக்கும் இடமிருக்கிறது. அங்கே தேர்வாகும் உயரமான பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை, நாள்தோறும் தம்மைப் போன்ற வேறொரு சென்டரோடு மோத முடிவதுதான் என்று நினைக்கிறேன்.

முழங்காலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆண்பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் பெரும்பாலும் 13, 14 வயதையொட்டி வருகிறது. அப்போது எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுக்காததால், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு முடிச்சில் வலியும் வீக்கமும் தோன்றுவது வழக்கம். குதிப்பும் ஓட்டமும் மிகுந்தால் அது கூடும், ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குறையும். உயரமான மாணவர் ஒருவரே பள்ளியின் இரண்டு வயதுப்பிரிவு அணிகளிலும், அதோடு வாலிபால் அணியிலும் சிமெண்டுத் தரையில் குதித்துக்கொண்டிருப்பதை நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 2002-இல் முதலிடத்தில் தேர்வான யாவ் மிங் பாதத்திலும் கணுக்காலிலும் ஏற்பட்ட காயங்களால் 2011-இல் ஓய்வு பெற்றார்; 2007-இல் முதலிடத்தில் தேர்வான கிரெக் ஓடனின் ஆட்டவாழ்வை முழங்கால் காயங்கள் முடித்துவைத்தன. உலகின் தலைசிறந்த மருத்துவ வசதி இருந்தும் நேர்ந்தது இது. வலி இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, போட்டி இருந்தாலும் உட்கார வைப்பதுதான் முறை.

தாமதமாகத் தொடங்குவது குறையா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கார்டுகளுக்கு அது பெருங்குறை. பந்து தட்டும் கை சிறு வயதிலேயே பழகிவிட வேண்டும். சென்டர்களுக்கு அப்படி இல்லை. பின்னாளில் என்.பி.ஏ.வில் புகழ்பெற்ற மூவரைப் பார்ப்போம். டிம் டங்கன் நீச்சல் வீரராக இருந்தவர். 1989-இல் வீசிய ஹியூகோ புயல் அவருடைய தீவின் நீச்சல் குளத்தை அழித்த பிறகு, ஒன்பதாம் வகுப்பில் கூடைப்பந்துக்கு வந்தார். ஹக்கீம் ஒலாஜுவான் கால்பந்தில் கோல்கீப்பராக நின்றுவிட்டு, பதினைந்து வயதளவில் இந்த ஆட்டத்தைத் தொட்டார். ஜோயல் எம்பீடும் வாலிபாலிலிருந்து ஏறத்தாழ அதே வயதில் வந்தவர். எஸ்டேட் லைன்களில் மாலை நேரத்தில் வாலிபால் ஆடும் உயரமான பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எம்பீடின் நினைவு வருவது இதனால்தான்; வலைக்கு மேலே எழும்பும் நேரத்தைக் கணிக்கும் கண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நேர்மாறாக, எட்டாம் வகுப்பிலேயே முழு உயரத்தையும் எட்டிவிட்டுப் பிறகு வளராமல் நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. பதினான்கு வயதில் சென்டராக மட்டுமே ஆடவிட்டால், பதினெட்டு வயதில் ஆறடியோடு நின்றுவிடும் அவருக்கு வேறெந்த இடத்திலும் ஆடத் தெரியாமல் போய்விடும். உயரமான பிள்ளைகளுக்கும் பந்து தட்டவும் தூரத்திலிருந்து வீசவும் கற்றுத் தருவது இருவகையினருக்குமே காப்பாக அமைகிறது.

ஒரு குறிப்பிட்ட மாணவரைப் பற்றிக் கேட்டால், நான் ஓராண்டு அவகாசம் எடுத்துக்கொள்வேன். ஒரே ஆட்டத்தில் அவர் எடுத்த இருபது புள்ளிகள் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. எதிரணியில் அன்று யார் நின்றார் என்பதைப் பொறுத்தது அது. பெஞ்சிலிருந்து வருபவர் பெரும்பாலும் எதிரணியின் பெஞ்சோடுதான் மோதுகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை ஃபவுல் என்ற விகிதம் பருவத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே குறைகிறதா, ஃப்ரீ த்ரோ சதவீதம் ஏறுகிறதா, பிக் அண்ட் ரோலில் இரண்டாவது வழியைச் செய்துபார்க்கும் துணிவு வந்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும். பயிற்சியாளரிடம் ‘என் பையனை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘எந்த ஃபவுல் அவனை வெளியே கொண்டுவருகிறது, மாஸ்டர்?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். அதோடு, நெருக்கமான ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடங்களுக்கு மாஸ்டர் அவரை வெளியே எடுக்காமல் விட்டவை எத்தனை என்றும் எண்ணிவரலாம். தொடக்கப் பட்டியலில் பெயர் வருவதற்கு முன்பே அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிடும். அது ஏறிக்கொண்டே வந்து, முன்னால் நிற்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் பள்ளி முடித்துப் போகிறார் என்றால், அடுத்த ஜூனில் தொடங்கப்போகும் ஐவரில் இவர் ஒருவர் என்று நான் துணிந்து சொல்வேன்.